சுண்டுக் கணக்கு

வவுனியாக் கடைக்காரர் போனில் சொன்னது இவ்வளவுதான்:
பைக்கற்றில் நிறை போட வேணும், கிராமில்.
'ஒரு சுண்டு' என்று எழுதினால்
சுகாதாரப் பரிசோதகர் முதலில் சிரிப்பார்,
பிறகு தண்டம் எழுதுவார்.

அப்படித்தான் வந்தது தராசு
யோகபுரத்துச் சங்கக் குசினிக்கு.
மல்லாவிச் சந்தியிலிருந்து தர்மினி அதை
சைக்கிள் கூடையில் கொண்டுவந்தாள்,
முட்டை கொண்டுவருபவள் போல
குழிக்குக் குழி இறங்கி உருட்டி.

கண்ணாடித் தட்டு. ரெண்டு பென்சில் பற்றரி.
ஒன்றும் வைக்காமலே 3 என்றது.
காற்றாம்.
ஃபானை நிறுத்தினோம்.
0.

பச்சையரிசி, தலைதட்டி ஒரு சுண்டு: 246.
சீனி 261.
உழுந்து 240.
எள்ளு, பார்வைக்கு அத்தனை நிறைவாய் இருந்தது,
178 தான்.
ஒரே ரின்பால் பேணி,
ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பதில்.
நான் கொப்பியில் கோடு கீறி எழுதிக்கொண்டு வந்தேன்.

மாவில்தான் வந்தது வில்லங்கம்.
வறுத்து அரித்த கையோடு அள்ளினால் 148.
அதே சுண்டை மேசையில் ரெண்டு தட்டுத் தட்டினால்
மா ஒரு விரல்கடை இறங்கும்,
மேலே இன்னும் கொள்ளும்: 171.
யோகறஞ்சினி அள்ளினால் 183.
அவளின் கை அமுக்கும் கை.
அவள் செய்யும் பயற்றம்பணியாரம் ஏன்
பல்லை உடைக்குதென்று
மூன்று வருசமாய்ப் பாகைக் குற்றம் சொன்னோம்.
பாகு பாவம்.

"எந்த மாவை எழுத?" என்றேன்.
"அரித்ததை எழுது" என்றாள் தர்மினி.
"அரித்தது எத்தனை மணிக்கு?" என்றாள் யோகறஞ்சினி.
சிரித்தோம். ஆனால் அது சரியான கேள்வி.
மழைக்கு முந்தின நாள் மா
மழை நாள் மா இல்லை.

பிறகு கொறற்றி தன் சுண்டை நீட்டினாள்.
இதையும் ஒருக்கால் பார், சும்மா.

இடுப்பில் நெளிந்த பேணி.
எங்கே நெளிந்ததென்று யாரும் கேட்டதில்லை.
அவளோடு கடற்கரைப் பக்கமிருந்து வந்தது,
அவளோடு எங்கெங்கோ போய்
திரும்பியும் வந்தது.

அதே அரிசி, அதே தலைதட்டு.
221.

ஃபான் ஓடவில்லை. மறுபடி வைத்தேன்.
221.

மாதத்தில் ரெண்டு தரமாவது
அவளிடம் அரிசி மாறுவோம்.
தருவது அவளின் சுண்டால்.
திரும்பப் போவது எங்கள் சுண்டால்.
கொறற்றி தராசைப் பார்க்கவில்லை,
என் பென்சிலைப் பார்த்தாள்.
ஆறு வருசம், நூற்றி நாற்பத்து நாலு சுண்டு,
சுண்டுக்கு இருபத்தைந்து.
வாயால் கணக்குச் சொல்லிவிட்டு
செருப்பைக் கொளுவிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த நாள் காலை ஒரு பை அரிசி.
நிறுத்தேன். 3612.
அந்தப் பன்னிரண்டு, பை.

யாரும் கை வைக்கவில்லை.
யோகறஞ்சினிதான் திடீரென்று,
"கொறற்றி, நீ எங்களுக்கு அளக்கிற மாதிரி
இப்ப அள" என்றாள்.

அவள் அளந்தாள்.
சுண்டு நிரம்பி, விளிம்பு மறைந்து,
கோபுரம் கட்டி,
உச்சியிலிருந்து நாலு மணி உருண்டு விழ, நிறுத்தினாள்.
தலைதட்டத் தெரியாத கை.
தட்டியது எல்லாம் நாங்கள்தான்,
திருப்பிக் கொடுக்கும்போது.

252.

சுண்டுக்கு ஆறு கிராம்.
எண்ணூற்று அறுபத்து நாலு கிராம்
நாங்கள்தான் அவளுக்குப் பாக்கி.
கோபுரத்துக்கு என் கொப்பியில் கோடு இல்லை.
ஓரத்தில் சின்னதாய் எழுதிவைத்தேன்.

அந்தப் பை இன்னும் றாக்கையில் இருக்கிறது,
அவளும் எடுக்கவில்லை, நாங்களும்.
வவுனியாவுக்கு லேபிள் போய்விட்டது:
நிகர நிறை 200 கிராம்.
அரிசிமா, பயற்றம்மா, சீனி, எள்ளு,
எல்லாம் இப்போது இலக்கத்தில்.

உப்பை மட்டும் கொறற்றி போடுகிறாள்.
ஒரு சிட்டிகை எடுத்துத் தட்டில் வைத்தேன்.
0 என்றது தராசு.
இன்னொரு சிட்டிகை.
0.